பதினெட்டு அங்குலத் தங்கம்

கடைசியாக நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவனை அலுவலகம் இரண்டு காரணங்களுக்காகத்தான் நினைத்துக்கொள்ளும். ஒன்று, பழைய கோப்பு ஏதாவது காணாமல் போயிருக்கும். அல்லது காணாமல் போன கோப்பு கிடைத்திருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

“சார், ஜவ்வாது மலை தங்கச் சுரங்கக் கோப்பு ஒண்ணு கிடைச்சிருக்கு. அதுல ஒரு சான்றிதழ். ‘வெட்டு அகலம் பதினெட்டு அங்குலம். ஓரிடத்தில் மட்டும் இருபது. காரணம்: கையொப்பமிட்டவர்.’ இப்படி இருக்கு சார். நடுவுல ஏதாவது வரி விட்டுப்போச்சா?”

“ஒண்ணும் விட்டுப்போகல. கையொப்பமிட்டவர் கொஞ்சம் பெரிய ஆள்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சுரங்கத்தின் படத்தைக் கணினியில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிற தலைமுறை. அந்தப் படத்தில் ஆட்கள் இருப்பதில்லை. “விளக்கமா எழுதிக் கொடுத்தீங்கன்னா கோப்புல சேர்த்துடறேன்” என்றார். இதைக் கோப்பில் சேர்த்தால் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் தங்கமா என்று நீங்கள் கேட்கலாம். அங்கே வேலை பார்த்த நாங்களும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். எழுபதுகளின் கடைசி அது. ஆலங்காயத்திலிருந்து மலையேறும் பாதையில், பஸ் மூச்சு வாங்க நிற்கும் ஒரு வளைவிலிருந்து இரண்டு மைல் நடந்தால் எங்கள் முகாம். மலைச்சரிவில் குடைந்த ஒரு நீளமான குகைவழி. அதன் கடைசியில் மேலே ஏறுவதற்கு ஓர் ஏணி. ஏணிக்கு மேலே, கருங்கல்லுக்கு நடுவே பட்டையாகச் செங்குத்தாக நிற்கும் வெங்கச்சங்கல் ரேகை. அந்த வெள்ளைக் கல்லுக்குள்தான் தங்கம், கண்ணுக்குத் தெரியாத அளவில், மிகவும் அடக்கமாக இருந்தது. நடத்தியது அரசுத் துறை ஒன்று. பெயர் வேண்டாம், ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நான் அங்கே மாதிரி எடுக்கும் உதவியாளன். கல்லூரியில் மூன்று வருடம் கல்லைப் பற்றிப் படித்தேன். பிறகு இரண்டு வருடம் பல மலைகளில் கல்லை உடைத்தேன். இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவைதாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜவ்வாது மலைக்கு வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது, இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். இரண்டாவது எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் சேஷாசலம் சார். உயரம் சுமார், அகலம் தாராளம். குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் ‘டா’ போடுகிற மேலதிகாரிகளைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். இவருக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவனை ‘ஐயா’ என்பார். அவர் ஒருவனை ஐயா என்று கூப்பிட்டால் முகாமில் மற்றவர்கள் அவனைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சட்டைப் பையில் மடக்கி வைக்கும் பித்தளை அளவுகோல் ஒன்று எப்போதும் இருக்கும். சாப்பாட்டு மேசையில் தோசையைக்கூட அவர் அளந்தார் என்று சொல்வது பொய். அப்பளத்தைத்தான் அளந்தார்.

மாதிரி எடுப்பது எப்படி என்று அவர் எனக்கு ஒரே ஒருநாள் காட்டினார். ரேகையின் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு. கோடுகளுக்கு நடுவே நாலு அங்குல அகலம், ஓர் அங்குல ஆழத்துக்கு உளியால் வாய்க்கால் மாதிரி வெட்ட வேண்டும். கீழே கித்தான் விரித்திருக்க வேண்டும். ஒரு சில்லுகூட வெளியே சிதறக்கூடாது. வெள்ளைக் கல் சுலபமாக உடையும், பக்கத்துக் கருங்கல் உடையாது. ஆகவே கை தானாகவே வெள்ளைக் கல்லை அதிகம் உடைக்கும், மாதிரியில் தங்கம் அதிகம் வரும். “இங்க திருடறது கையில்ல, சோம்பேறித்தனம்” என்றார் சார். பிறகு எல்லாவற்றையும் இடித்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி குவித்துப் பிரித்து, கடைசியில் ஒரு கைப்பிடி மாவு சோதனைக்கூடத்துக்குப் போகும். அங்கிருந்து ஒரு துண்டுச்சீட்டு திரும்பி வரும். அதில் ஒரே ஓர் எண். டன்னுக்கு இத்தனை கிராம்.

முதல் வாரம் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே சுவரிலிருந்து சரிந்து குகைவழியில் கிடந்த கல்லையும் சேர்த்து அன்றைய எடையில் எழுதிவிட்டேன். சார் பார்த்தார்.

“ஐயா, இந்தக் கல் வெளியே வந்துதா?”

“இல்ல சார். உள்ளதான் கிடக்குது.”

“வெளியே வந்ததுதான் கல். உள்ளே இருக்கிறது மலை. மலைக்கு நான் எடை போடறதில்ல.”

இந்த வாக்கியத்தை நான் பயபக்தியோடு மனப்பாடம் செய்துகொண்டேன். அப்போது பின்னால் கூடையோடு நின்றிருந்த சடையனும் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

சடையன் மலைக்காரன், உளி வேலைக்காரர்களின் தலைவன். என் வயதுதான் இருக்கும். மழைக்காலத்தில் சாமை விதைப்பான், கோடை தொடங்கும்போது புளி உலுக்குவான், மீதி நாட்களில் எங்களுக்குக் கல் உடைப்பான். பக்கவாட்டில் நின்றால் அவனைத் தேட வேண்டும், அவ்வளவு ஒல்லி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரேகையின் அகலம் ஆறு அங்குலம். அந்த வெள்ளைக் கல்லை மட்டும் தனியாக எடுத்தால் டன்னுக்குப் பதினெட்டு கிராம். நல்ல தங்கம். ஆனால் ஆறு அங்குல இடுக்கில் யார் நின்று வேலை செய்வது? ஆள் நிற்கப் பக்கத்துக் கருங்கல்லையும் வெட்டித்தான் ஆக வேண்டும். வெடி வைத்தால் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். நாங்கள் மூன்று அடி அகலம் வெட்டினோம். ஆறு அங்குலத் தங்கக் கல்லோடு முப்பது அங்குல வெறுங்கல். பதினெட்டு கிராம் மூன்று கிராமாகிவிட்டது.

கல்லை வெளியே கொண்டுவர ஆகும் செலவு, அதில் தங்கம் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு ஆவதில்லை. கூலி, வெடிமருந்து, சுவரைத் தாங்கும் முட்டுக்கட்டை, தண்ணீர் இறைக்கும் டீசல், தள்ளுவண்டி, அரைக்கும் இயந்திரம் எல்லாம் வெறுங்கல்லுக்கும் அதே விலைதான். டன்னுக்கு ஆறு கிராம் கிடைத்தால் அந்தச் செலவை ஆறு கிராமும் பங்கு போட்டுக்கொள்ளும். மூன்றே கிராம் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு மடங்கு. அப்படித் தோண்டுவதைவிட, கடைத்தெருவில் தங்கம் வாங்கி மலையில் புதைப்பது மலிவு. தலைமை அலுவலகம் இதைக் கண்ணியமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: கடைசியாக ஒரு சோதனை, இருபது டன். சராசரி ஆறு கிராமுக்குக் குறையாமல் வந்தால் சுரங்கம் தொடரும், தற்காலிக ஊழியர்கள் நிரந்தரம் ஆவார்கள். குறைந்தால் மூடிவிட்டுப் பெட்டி படுக்கையோடு இறங்க வேண்டும்.

தற்காலிக ஊழியர்களில் நான் முக்கியமானவன், எனக்கு. போளூரில் வசந்தா என்று ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்து, தாம்பூலம் வரைக்கும் வந்திருந்தது. பெண்ணின் அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. காகிதம் இல்லாமல் எதையும் நம்பாதவர்.

“டெம்பரவரிக்குப் பொண்ணு குடுக்கறதில்லீங்க, தப்பா நெனைச்சிக்காதீங்க. ஆர்டர் வரட்டும். ஆர்டர் கைல வந்த அன்னிக்கே பத்திரிகை அடிச்சிடலாம்.”

வசந்தா அப்பாவுக்குத் தெரியாமல் இன்லண்டு கடிதம் போடுவாள். அன்புள்ள, ஆசையுள்ள என்று எதுவும் இருக்காது. ஒரே வரி: ‘இந்த வாரம் எத்தனை கிராம்?’ மலையேறி வந்த காதல் கடிதங்களில் இவ்வளவு தொழில்நுட்பமானது வேறு இருந்திருக்காது.

மூன்று அடி வெட்டினால் மூன்று கிராம், ஒன்றரை அடி வெட்டினால் ஆறு கிராம். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. முகாமில் எல்லோருக்கும் தெரியும். சடையன் என்னிடம் ஒருநாள் நேராகவே கேட்டான்.

“இன்னா சார் இது. புளி உலுக்கி மலைல இருந்து எறக்கறோம். ஓட்டோட எவனாச்சும் தூக்கிகினு எறங்குவானா? மேலயே ஒடைச்சி, ஓட்டெ அங்கியே கொட்டிட்டு, பழத்தெ மட்டும் தூக்குவோம். தலையில வெய்க்கறது நம்ம தலை சார். நீங்க இன்னாடான்னா ஓட்டையும் தூக்கி, கூட மரத்தையும் தூக்கிகினு வர்றீங்க.”

“ஒன்றரை அடியில நின்னு வேலை செய்ய முடியுமா?”

“எங்களுக்கு இன்னா. சைடுல நின்னா ஒன்றரை அடி ஊடு மாதிரி. மூணு அடி யாருக்காவ வெட்டறோம்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். விதி என்ன சொன்னது என்றால், சோதனை வெட்டின் கடைசி வரைக்கும் மேலாளர் தாமே போய்ப் பார்த்து, அளந்து, கையெழுத்துப் போட வேண்டும். சேஷாசலம் சார் தான் நுழைய முடியாத இடத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டார். அவர் நுழைய மூன்று அடி வேண்டும். ஆக, ஜவ்வாது மலைத் தங்கத்தின் விலையைத் தீர்மானித்தது உலகச் சந்தை அல்ல. ஆனால் இதை அவரிடம் யார் சொல்வது?

தரம் ஏன் குறைகிறது என்று அறிக்கை எழுதச் சொன்னார். நான் வார்த்தையில் எழுதப் பயந்து படமாகப் போட்டேன். நடுவில் ரேகை, இரண்டு பக்கமும் வெறுங்கல், அளவு தெரிவதற்காக ஓர் ஆள். என் கை அன்றைக்கு நேர்மையாக இருந்துவிட்டது. சார் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பித்தளை அளவுகோலை விரித்து, படத்திலிருந்த ஆளின் வயிற்றை அளந்தார்.

“இந்த ஆள் யாரு?”

“அளவுக்காகப் போட்ட ஆள் சார். யாரும் இல்ல.”

“ஐயா, இந்த அளவு இந்த மலையில ஒருத்தருக்குத்தான் இருக்கு.”

சார் அளவுகோலை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டார். “ஒன்றரை அடியா வெட்டச் சொல்லு. இருபது டன் வெட்ட இரண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள நான் ஒன்றரை அடிக்கு வந்துடறேன்.”

மறுநாள் காலையிலிருந்து சார் தன்னையே வெட்டத் தொடங்கினார். சோறு நின்றது. கொள்ளு ரசம், ஒரு கிண்ணம் சாமைக் கஞ்சி, அவ்வளவுதான். திங்கட்கிழமைதோறும் கல் எடை போடும் தராசில் ஏறி நிற்பார். எடையை நான் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் “மாதிரி எடுத்தாச்சு, எறங்கலாமா?” என்பார்.

சாமான் அறைப் பொறுப்பாளர் அமானுல்லா பாய்தான் இதில் உண்மையான சாட்சி. வாணியம்பாடிக்காரர், தோல் குடும்பம். எங்கள் முழங்கால் கவசம், பேட்டரி விளக்கு மாட்டும் பெல்ட் எல்லாம் அவர் கையால் தைத்தவை. சாருடைய பெல்ட்டில் வாராவாரம் ஊசியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுப்பார். ஓட்டைகள் உள்பக்கமாக நகர நகர வெளியே பெல்ட்டின் நுனி வால் மாதிரி நீண்டுகொண்டே போனது. நான் சோதனைக்கூடத்துச் சீட்டையும் பாயின் ஓட்டைகளையும் சேர்த்துப் பார்ப்பேன். ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, மற்றது இறங்கிக்கொண்டிருந்தது. வசந்தாவுக்கு ‘5.8’ என்று எழுதினேன். அடுத்த வாரம் ‘6.’ அதற்கடுத்த வாரம் ‘6.1.’ அவள் முதல்முறையாக இரண்டு வரி எழுதினாள்.

அப்போதுதான் பலாப்பழக் காலம் வந்தது.

மலைக்காரர்களுக்கு மேலாளர் மெலிவதன் பொருளாதாரம் தெரியும். சடையனே சொன்ன கணக்குதானே. ஆனால் கண்ணெதிரில் ஒரு மனிதர் வற்றிக்கொண்டு போகும்போது சும்மா இருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஓர் ஊரிலிருந்து பலாச்சுளை வந்தது. இன்னோர் ஊரிலிருந்து சுளையைத் தொட்டுக்கொள்ளத் தேன் வந்தது. மரியாதையாகக் கொண்டுவந்ததை மேலாளர் மரியாதையாகச் சாப்பிட வேண்டியிருந்தது. ஒரு வீட்டுப் பழத்தைச் சாப்பிட்டு மற்ற வீட்டுப் பழத்தை வேண்டாம் என்றால் ஊருக்குள் சண்டை.

நான் சடையனைத் தனியே பிடித்தேன். “உனக்கு அறிவு இருக்குதா? அவர் உள்ள நுழையணும்ப்பா.”

“எங்க வூட்டுல மட்டும்தான் சார் ரெண்டு சுளை குடுத்தாங்க.”

“எத்தனை வூடு?”

அவன் யோசித்தான். “எல்லாரும் சேந்து ஒரு முப்பது வூடு இருக்கும்.”

பாயிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெல்ட்டைக் காட்டினார். “புதுசா ஓட்டை கேக்கல தம்பி. பழைய ஓட்டைக்கே போய்க்கினு இருக்கார். மூணு வாரத்து ஓட்டையெல்லாம் வேஸ்ட்டாப் பூடுச்சி.”

கையெழுத்துப் போடும் நாள் வந்தது. இருபது டன்னில் கடைசிப் பங்கு உள்ளே உடைந்து கிடந்தது. வெட்டிய இடுக்கில் நாங்கள் நடப்பதே அந்தக் கல் குவியலின் மேல்தான். கீழே மரப்பலகையைத் தூக்கினால் கல் தானாகச் சரிந்து தள்ளுவண்டியில் விழும். காலை பத்து மணிக்கு சார், நான், சடையன் மூவரும் உள்ளே போனோம். ஏணியின் முதல் படி அதிக உயரம் என்று சார் வழக்கம்போல் சலித்துக்கொண்டார். மேலே ஏறினார். பக்கவாட்டில் திரும்பினார். நண்டு மாதிரி நகரத் தொடங்கினார்.

முதல் பத்து அடி அழகாகப் போனார். அதற்கப்புறம் ஓரிடத்தில் வலது சுவர் லேசாக உப்பியிருந்தது. அங்கே அகலம் பதினாறு அங்குலம். எங்கள் யாருக்கும் அது தெரியாது, ஏனென்றால் எங்கள் யார் மேலும் அது பட்டதில்லை. சார் மூச்சை வெளியே விட்டு உள்ளே நுழைந்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்தார். அதுதான் தவறு.

“நகரலியே” என்றார். அறிக்கை படிக்கிற அதே குரல்.

முதலில் பேட்டரியைக் கழற்றினோம். இரண்டு அங்குலம் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தோம். அந்த இரண்டு அங்குலத்தை வயிறு உடனே எடுத்துக்கொண்டது. பெல்ட்டைக் கழற்றினோம். சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகம், கண்ணாடிக் கூடு, பித்தளை அளவுகோல் எல்லாவற்றையும் எடுத்தோம். சடையன் கையைப் பிடித்து இழுத்தான், நான் மறுபக்கம் நின்று தள்ளினேன். மேலதிகாரியைத் தள்ளுவதற்கு எந்த இடத்தில் கை வைப்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

“நிறுத்துங்க” என்றார் சார். “சுவரைத்தான் எடுக்கணும். வெடி கூடாது, உளி. எவ்வளவு வேணும்?”

“நாலு அங்குலம் எடுத்தாப் போதும் சார்” என்றேன். சொல்லும்போதே மனதுக்குள் கணக்கு ஓடியது. அவர் உயரத்துக்கு, அவர் அகலத்துக்கு, நாலு அங்குல ஆழம்: அரை டன் வெறுங்கல். அது நேராகக் கீழே தங்கக்கல் குவியலில் விழும். இருபது டன், 6.1 கிராம். அரை டன் வெறுங்கல் சேர்ந்தால் 5.95. என் திருமணம் மேலாளரின் வயிற்றுக்கும் மலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது.

உப்பிய வலது சுவருக்கு எதிரில், இடது சுவரில், ரேகையின் ஒரு துண்டை வெட்டாமல் விட்டிருந்தோம். வெள்ளைக் கல். டன்னுக்குப் பதினெட்டு கிராம். அதை உடைத்தால் சாரும் வெளியே வருவார், சராசரியும் ஏறும். இவ்வளவு அழகான தீர்வு என் மூளையில் அதற்கு முன்னும் பின்னும் தோன்றியதில்லை.

“சார், இடது பக்கம் உடைச்சா?”

அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

“ஐயா, உங்களுக்கு எப்போ கல்யாணம்?”

“ஆர்டர் வந்ததும் சார்.”

“இடது பக்கம் தூண். மேல இருக்கிற கல்லை அதுதான் பிடிச்சிட்டிருக்கு. அதைத் தொட்டா மலை உள்ள வரும். ஆர்டர் வரும்போது வாங்கிக்க நாம மூணு பேரும் இருக்கணும்.” மூச்சு வாங்கினார். “வலது பக்கம் உடைக்கச் சொல்லுங்க.”

மேலே சாய்ந்து நின்ற கல்லைப் பார்த்தேன். இரண்டு மாதமாகத் தினமும் பார்த்த கல். அன்றைக்குத்தான் அதன் எடை தெரிந்தது. இருபத்தெட்டு அங்குல இடுப்பில் வியர்த்தது.

சடையன் உளியை எடுக்கவில்லை. திரும்பி ஏணிப் பக்கம் போனான்.

“எங்கடா போறான்?” என்றார் சார். அவர் ‘டா’ போட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சடையன் மாதிரி எடுக்கும் கித்தானோடு வந்தான். “உலுக்கறதுக்கு முன்னாடி துப்பட்டி விரிக்கணும் சார். இல்லன்னா பழமும் மண்ணும் ஒண்ணாப் பூடும்.”

“நான் மாட்டிக்கிட்டு நிக்கறேன், நீ விரிப்பு விரிக்கறியா?”

“நீங்க எங்கியும் போப்போறதில்லியே சார். வலது காலைக் கொஞ்சம் தூக்குங்க.”

சார் தூக்கினார். வலது பூட்ஸுக்கு அடியில் கித்தான் போனது. “இப்ப இடது கால்.” தூக்கினார். வயிறு பிடித்துக்கொண்டிருந்ததால் இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கியிருந்தாலும் விழுந்திருக்க மாட்டார். கித்தானின் நான்கு முனைகளையும் முட்டுக்கட்டைகளில் கட்டினான். சாருக்குக் கீழே ஒரு தூளி தயாரானது.

பிறகு உடைத்தான். ஒன்றரை மணி நேரம். சார் தன்னைச் சுற்றி நடக்கும் வேலையை மேற்பார்வை பார்த்தார். “இன்னும் கொஞ்சம் மேல. அங்க ஒரு விரிசல் இருக்கு, அதைப் பிடி. சில்லு சின்னதா வரணும், பெரிசா வந்தா என் கால்ல விழும்.” நடுவில் ஒருமுறை, “தேன் எந்த ஊர்லேர்ந்து வந்தது?” என்று கேட்டார். சடையன் தன் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை.

கடைசிச் சில்லு விழுந்ததும் சார் ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சிலேயே விடுபட்டார். நேராகக் கடைசி வரைக்கும் போனார். அளந்தார். திரும்பி வந்து, தான் மாட்டிய இடத்தையும் அளந்தார். இருபது. அங்கேயே ஒரு பலகை மேல் உட்கார்ந்து நோட்டில் எழுதத் தொடங்கினார். அதற்குள் சடையனின் ஆட்கள் வந்து கித்தானிலிருந்த கல்லைக் கூடை கூடையாக ஏணி வழியே இறக்கிவிட்டார்கள்.

சார் எழுதி முடித்து ஏணியில் இறங்கினார். கடைசிப் படியிலிருந்து காலை நீட்டித் தரையைத் தேடும்போது வழக்கமான சலிப்பு வரவில்லை. கால் சுலபமாக ஊன்றியது. “இப்படித்தான் இருக்கணும்” என்று சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார்.

வெளிச்சத்துக்கு வந்ததும் அமானுல்லா பாய் தேநீரோடும், ஆட்கள் முன்னாலேயே வெளியே கொண்டுவந்திருந்த சாரின் பெல்ட்டோடும் நின்றிருந்தார். சார் தேநீரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்னை எடுக்க உடைச்ச கல் இருக்குல்ல. அதையும் எடை போட்டு இருபது டன்னோட சேர்த்து எழுதுங்க.”

“சார், அது வெறுங்கல்.”

“சுரங்கத்துல உடைச்ச கல்தானே. மேலாளர் பெரிசா இருந்தா அந்தச் செலவும் சுரங்கத்தோட செலவுதான். எழுதுங்க ஐயா.”

5.95 என்று மனதுக்குள் எழுதினேன். போளூர்க் குமாஸ்தாவின் முகம் தெரிந்தது. அடுத்த இன்லண்டு கடிதத்துக்கு என்ன பதில் போடுவது என்று யோசித்தேன். சார் சொன்னது நியாயம் என்பதுதான் அதில் பெரிய தொந்தரவு.

“அந்தக் கல் எங்கப்பா?” என்றார் சார், சடையனிடம்.

“நீங்க எறங்கி வந்தீங்களே சார், அதான்.”

“எது?”

“ஏணிக்கடில படி. மொதப் படி ஒசரம்னு ரெண்டு வருசமா திட்டிகினு இருந்தீங்க. கித்தான்ல இருந்த கல்லு மொத்தமும் அதுக்கே செரியாப் போச்சி. களிமண்ணு வெச்சி நல்லா அடிச்சி உட்டுட்டோம்.”

சார் தேநீர் டம்ளரோடு அப்படியே நின்றார்.

சடையன் மிகவும் பணிவாகத் தலையைச் சொறிந்தான். “வெளிய வந்ததுதான் கல்லுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. உள்ள கீறது மலை. நீங்கதான் மலைக்கு எடை போடறதில்லியே.”

பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு பெல்ட்டில் எதையோ தேடினார். சார் குகைவழியின் வாயைப் பார்த்தார், சடையனைப் பார்த்தார். தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

“படி நல்லா இருக்கு. எடுக்க வேண்டாம்” என்றார்.

சான்றிதழில் தன் பங்கை மறைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அந்தக் கடைசி வரி. தலைமை அலுவலகத்தில் அதை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. அல்லது படித்தவரும் பெரிய ஆளாக இருந்திருப்பார். ஐந்து வாரத்தில் ஆர்டர் வந்தது. பத்திரிகை அடித்தார்கள். சுரங்கம் அதன்பிறகு சில வருடங்கள் ஓடியது. பிறகு ரேகை உள்ளங்கை அகலத்துக்கு ஒடுங்கிவிட்டது. சடையனாலும் அந்த அளவுக்கு மெலிய முடியவில்லை, மூடினார்கள்.

இதோடு முடித்திருந்தால் என் மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் கோப்பில் இல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது.

கல்யாண விடுப்பு, மறுவீடு, தலை ஆடி என்று போளூரில் மாமியார் வீட்டு விருந்துகள் தொடர்ந்தன. டெம்பரவரிக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்ற மாமனார், பர்மனென்டுக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றாமல் எழுந்திருக்க விடமாட்டார். வேலைக்குத் திரும்பிய அன்று அமானுல்லா பாய் என் பெல்ட்டை வாங்கிப் பார்த்தார். ஓட்டைகள் முடிந்துபோன இடத்துக்கு வெளியே ஊசியை வைத்து, “இங்கதானே தம்பி?” என்றார். புது ஓட்டையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

உள்ளே போனேன். சார் அகலப்படுத்திய இடத்தைத் தாராளமாகக் கடந்தேன். அதற்கப்புறம் புதிதாக வெட்டிய பகுதி. ஏழெட்டு அடி போனதும் சுவர் இரண்டு பக்கமும் என்னை அன்போடு பிடித்துக்கொண்டது.

பேட்டரியைக் கழற்றினேன். பயனில்லை. தூரத்தில் சடையனின் விளக்கு நின்றது, என் பக்கம் திரும்பியது, நிதானமாக நெருங்கி வந்தது. அவன் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தான். சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“எந்தப் பக்கம் சார் ஒடைக்கட்டும்?”

வலது காலைத் தூக்கிக்கொண்டேன்.

“முதல்ல கித்தானை விரி.”